பற்ற வைத்த கை

அவளுடைய கணவனிடம் ஒரு தலையாட்டல் இருந்தது. தலை முதலில் இடப்பக்கம் கொஞ்சம் சாயும். ஏதோ பெரிதாக யோசிப்பதுபோல ஒரு கணம் அங்கேயே நிற்கும். பிறகு முகவாய் நெஞ்சில் இடிக்காத குறையாகப் பொத்தென்று கீழே இறங்கும். வெல்டிங் செய்கிறவர்கள் பலரும் தலையை வெட்டித்தான் முகமூடியை இறக்குவார்கள். ஒரு கையில் உருக்கி ஒட்டும் ராடு, இன்னொரு கை பிடிமானத்துக்கு. முகமூடிக்கென்று மூன்றாவது கையைக் கடவுள் கொடுக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் அந்தப் பழக்கத்தைப் பட்டறையோடு விட்டுவிட்டு வருவார்கள். இவன் வீட்டுக்கும் கொண்டுவந்தான். குழாயில் தண்ணீர் ஒழுகுகிறதே, பார்க்கிறீர்களா என்று கேட்டால் சாய்வு, நிதானம், பொத். ஒட்டடை அடிக்கிறீர்களா என்றாலும் சாய்வு, நிதானம், பொத். அதற்குச் சரி என்று பொருள். செய்வான் என்று பொருள் இல்லை. குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

அவள் வேலை பார்த்தது கொதிகலன்களும் குழாய்களும் செய்யும் ஒரு தொழிற்சாலையில். வெல்டர்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவள் பொறுப்பு. கேட், கிரில், நாற்காலி செய்ய யார் வேண்டுமானாலும் ராடைப் பிடிக்கலாம். இணைப்பு விட்டுப்போனால் கேட் கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான். நீராவி ஓடும் குழாய் அப்படி இல்லை. அதன் இணைப்பு விட்டுப்போனால் கீழே நிற்பவரின் உடம்பில் தோல் மிஞ்சாது. அதனால் அந்தக் குழாயைத் தொடுவதற்கு முன்பே, தொடப்போகிற கையைச் சோதித்துவிட வேண்டும்.

சோதனை இப்படி. இரண்டு குழாய்த் துண்டுகளை முனைக்கு முனை வைத்து, சாய்வாக ஒரு கம்பத்தில் பிணைத்துவிடுவாள். குழாய் அசையாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும், மண்டியிட வேண்டும், அடியில் தலையைக் கொடுத்து அண்ணாந்து பார்த்துப் பற்ற வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் இணைப்பின் குறுக்கே பட்டை பட்டையாக அறுத்து, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து வளைப்பாள். உள்ளே பிடித்திருந்தால் பட்டை சமர்த்தாக வளைந்து பாதி வளையலாகிவிடும். பிடிக்காமல் பூசி மெழுகியிருந்தால் வாயைப் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். இதனால் அவளுக்குத் தொழிற்சாலை முழுக்க 'வளையல் மேடம்' என்று பெயர். தேறியவனை "என்னப்பா, வளையல் போட்டாச்சா?" என்பார்கள். தவறியவனைப் பற்றி, "பாவம், வளையல் உடைஞ்சிடுச்சு" என்று டீக்கடையில் துக்கம் விசாரிப்பார்கள். அவள் காதிலும் விழும். விழட்டும் என்று விட்டுவிடுவாள். பட்டையை வளைக்கிறவளைக் கண்டு கொஞ்சம் பயம் இருப்பது எல்லோருக்கும் நல்லது என்பது அவள் கட்சி.

இந்த விஷயத்தில் அவளிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. ஒரு காலத்தில் அதே தொழிற்சாலையில் கொடிகட்டிப் பறந்த அவள் கணவன், வேலையை விட்டுச் சொந்தமாகக் கிரில் பட்டறை வைத்தான். அரை வருடம் குழாய் வேலையைத் தொடாத கையின் சான்றிதழ் செல்லாது என்பது விதி. அந்த நாள் வந்ததும் கணவனின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவள் அவள்தான். அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, "இன்னையிலேருந்து உங்க சர்ட்டிபிகேட் செத்துப்போச்சு" என்று சொல்லிச் சாப்பாடு போட்டாள். அவன் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டான்.

சிக்கல் வந்தது கணவனுடைய தம்பியால். அவளை அண்ணி அண்ணி என்று சுற்றி வருகிற பையன், அதே தொழிற்சாலையில் தற்காலிக வெல்டர். வேலைக்காரன்தான், யாரும் பார்க்காதபோது அவன் போடுகிற இணைப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் ஒருவர் வந்து நின்றுவிட்டால் போதும், கை தந்தியடிக்க ஆரம்பித்துவிடும். அதுவும் குழாயின் அடிப்பக்கத்தில். வெல்டர்கள் குழாயை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்வார்கள். அடிப்பக்கம் அவர்களுக்கு ஆறு மணி. வேலை ஆரம்பிப்பதே அங்கேதான். இவனுக்கோ ஆறு மணியிலேயே இருட்டிவிடும். ஏற்கெனவே இரண்டு தடவை அவளிடம் சோதனைக்கு நின்று, இரண்டு தடவையும் அதே இடத்தில் வளையலை உடைத்துக்கொண்டான்.

இப்போது நகரத்தின் பெரிய மருத்துவமனைக்குப் புதிதாக நீராவிக் குழாய் போடும் வேலை தொழிற்சாலைக்கு வந்திருந்தது. சான்றிதழ் உள்ளவர்களை மட்டுமே அந்த வேலைக்கு எடுப்பார்கள், எடுத்தவர்களை நிரந்தரமாக்குவார்கள். பையன் விரும்புகிற பெண்ணின் அப்பாவோ, நிரந்தர வேலையோடு வந்தால்தான் பேச்சு என்று கதவைச் சாத்தாமல் சாத்தியிருந்தார். ஆக, அந்தச் சாய்ந்த குழாயில் அவன் வேலை மட்டும் தொங்கவில்லை, கல்யாணமும் சேர்ந்து தொங்கியது.

இதில் அதிகம் துடித்தது நாத்தனார். கணவனுக்கு அக்கா. தம்பிகள் இருவரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்பதால் இன்னும் இறக்கிவிடவில்லை. அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. "ஒரு கீறல், ஒரே ஒரு கீறல்! தலைமுடி மாதிரி! அதுக்காகவா பையன் வாழ்க்கைய நிறுத்தி வைக்கிற?" என்று வாரம் தவறாமல் கேட்பாள்.

"தலைமுடி மாதிரி கீறல்லதான் ஆவி முதல்ல வெளிய வரும், அக்கா."

"ஆவியாவது பேயாவது. மனசு வச்சா முடியும்."

சோதனைக்கு முன்பே அவள் மேனேஜரிடம் போய், "பையன் எனக்குக் கொழுந்தன். வேற யாரையாவது வச்சுப் பாருங்க, சார்" என்று சொன்னாள். "உங்களை விடக் கண்டிப்பான ஆளை நான் எங்க போய்த் தேடுறது?" என்று அவர் சிரித்தார். அந்தப் புகழ்ச்சியில் கொஞ்சம் மயங்கித்தான் அவள் ஒப்புக்கொண்டாள். அதை இங்கே மறைப்பதற்கில்லை.

சோதனை நாள் காலை. கூடத்தில் தடித்த திரைகளால் தடுத்த அறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கம்பம், ஒரு குழாய், ஒரு வெல்டர். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவரவர் எண்ணைக் குழாயில் சுத்தியலால் அடித்துப் பதித்தாள். கொழுந்தனுடைய அறையில் அவன் முகம் வெளுத்துப்போய், வணக்கம் வைக்கவும் மறந்து நின்றான். எண்ணைப் பதித்துவிட்டு நிமிர்ந்தபோது கைபேசி அடித்தது. நாத்தனார்.

வேலை நேரத்தில் நாத்தனார் கூப்பிட்டதே இல்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, இரைச்சல் கேட்காத இடமாகப் பார்த்து வெளியே ஓடினாள்.

"ஒண்ணுமில்ல, நீ ஊறப்போட்டியே துணி, அத நான் வந்து அலசிடட்டுமான்னு கேக்கத்தான்."

"நான் துணி எதுவும் ஊறப்போடலையே அக்கா?"

"போடலையா? நல்லா யோசிச்சுப் பாரு. அந்த நீலப் போர்வை?"

போர்வையிலிருந்து தலையணை உறைக்கும், உறையிலிருந்து சோப்புத் தூளுக்கும் போய்ச் சேர்ந்த அந்தப் பேச்சை அறுத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது, கொழுந்தனின் அறையில் தோல் கோட்டும் கையுறையுமாக உருவம் தயாராக நின்றது. முகமூடி நெற்றிக்கு மேல் தூக்கியிருந்தது. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. ஆரம்பிக்கலாம் என்றாள். உருவம் குழாய்க்கு அடியில் மண்டியிட்டது. தலை இடப்பக்கம் சாய்ந்தது. ஒரு கணம் நின்றது. பொத்தென்று இறங்கியது.

கொழுந்தன் எப்போதும் முகமூடியைக் கையால் இழுத்து மூடிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ராடு மாட்டிய ஹோல்டரைத் தொடுவான்.

கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம், அதுவும் வெட்கங்கெட்ட ஆச்சரியம். அரை வருடத்துக்கு மேல் தொடாத கை, ஆறு மணியில் ராடை வைத்த வேகத்தில் பற்றிக்கொண்டது. நெளியாமல், திக்காமல், உருகிய இரும்பைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறியது. என்ன அழகான கை என்று நினைத்தாள். நினைத்ததும் கோபம் பொங்கியது. ஒரு போர்வையைக் காட்டி அவளை வெளியே அனுப்பிவிட்டு, இத்தனை காலம் கூட வாழ்ந்தவளுக்கு முகமூடிக்குள் இருப்பது யார் என்று தெரியாது என்று மூன்று பேர் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள். அவள் முத்திரைக்கு அவள் வீட்டிலேயே மதிப்பு இவ்வளவுதான். அது நெஞ்சில் தைத்தது.

ஆனாலும் நிறுத்தவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றால் களவு முடியட்டும். அடுக்கடுக்காக இணைப்பு நிறைந்து, கடைசி அடுக்கும் ஏறி, கசடைத் தட்டிச் சுத்தம் செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உருவம் முகமூடியைத் தூக்காமலே ஓரமாக நகரப் பார்த்தது.

"மாஸ்க்கத் தூக்குங்க" என்றாள்.

உருவத்துக்குக் காது கேட்கவில்லை.

"ஏங்க! உங்களைத்தான்."

அவ்வளவுதான். அக்கம்பக்கத்து அறைகளில் தட்டுகிற சத்தமும் உரசுகிற சத்தமும் நின்றுபோயின. அந்தக் கூடத்தில் அவள் எல்லோரையும் தம்பி என்பாள், நீங்க என்பாள், கோபம் வந்தால் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஆனால் 'ஏங்க' என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். அதைப் புரிந்துகொள்ளப் படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. திரைகளுக்கு நடுவே தலைகள் முளைத்தன.

முகமூடி மெல்ல மேலே போனது. உள்ளே கணவனின் முகம், அசடு வழிய.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"தலையாட்டினீங்களே."

"அது எல்லாரும்தானே..."

"எல்லாரும் யோசிச்சுட்டா ஆட்டுறாங்க? சாப்பாட்டு டப்பா கொடுக்க வந்தேன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டு வந்தீங்களா? டப்பாவாவது கொண்டுவந்தீங்களா, இல்ல அதுவும் பொய்யா?"

சிலிண்டர் அடுக்கின் பின்னாலிருந்து கொழுந்தன் தானே வெளியே வந்தான். அழுகிற நிலையில் இருந்தான். "அண்ணி, அண்ணன் மேல தப்பில்ல. நான்தான் கேட்டேன்."

"கேட்டவன் நீ, செஞ்சவரு இவரு, போன்ல போர்வை விரிச்சவங்க அக்கா. குடும்பமே சேர்ந்து உழைச்சிருக்கீங்க."

அவள் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரை எடுத்தாள். குழாயில் காலையில் தானே பதித்த எண்ணின் மேல் வைத்தாள். பொறி பறந்தது. எண் மழுங்கி, வெறும் பளபளப்பு மட்டும் மிஞ்சியது. இப்போது அது யாருடைய குழாயும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்பான் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது வேறு. "சரி, விடு. ஒரே ஒரு பட்டை மட்டும் வளைச்சுப் பாத்துடேன். சும்மா. கை இன்னும் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

"ஆள் இல்லாத பீஸை நான் வளைக்கிறதில்ல" என்று சொல்லி, குழாய்த் துண்டைத் தூக்கித் தன் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து அது வீட்டில் கொல்லைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது.

அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போனாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வீட்டு விஷயம் மாதிரி இருக்கே. நமக்குள்ள இருக்கட்டுமே? பையன் நல்லா வேலை செய்வான்னு எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது, சார். இந்தத் தடவ அவன் கையை நான் வளைச்சுப் பாக்கல."

"இப்ப என்னதான் செய்யணும்கிறீங்க?"

"என் வீட்டுக்காரரை இனிமே கேட்டுக்குள்ள விடாதீங்க. பையன் விதிப்படி பழகிட்டு மறுபடி வரட்டும். ஆனா அவனைப் பாக்கப்போறது நான் இல்ல. முதல்லயே நான் ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது. மருத்துவமனைக்காரங்க ஆளு ஒருத்தர் இருக்காரே, அவர் பாக்கட்டும்."

மேனேஜருக்கே பாவமாகிவிட்டது. மருத்துவமனை அனுப்பியிருந்த பரிசோதகரைத் தொழிற்சாலையில் 'உப்புக்கல்' என்பார்கள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் அளவுகோலைத் தவிர வேறு எதையும் நம்பி யாரும் பார்த்ததில்லை. "அவர்கிட்டயா? இந்தத் தடவையும் உடைஞ்சா பையனுக்கு இந்த வேலை இல்ல, தெரியுமில்ல?"

"தெரியும், சார்" என்றாள். நிமிர்ந்துதான் சொன்னாள். சந்தேகம் இருக்கிறவர்கள்தான் குனிய வேண்டும்.

மாலையில் வீட்டில் பூகம்பம். நாத்தனார் சலவைக்கூடத்துச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திறங்கினாள். கணவனும் கொழுந்தனும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

"கட்டின புருஷனை நாலு பேர் முன்னால நிக்க வச்சிருக்க! கூடப்பொறந்த மாதிரி இருக்கிற பையனைக் காட்டிக் கொடுத்திருக்க! உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் அந்த மெஷின்ல வச்சு வளைச்சிட்டியா?"

அவள், நாத்தனார் மூச்சு வாங்க நிறுத்தும்வரை காத்திருந்தாள். பிறகு சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குவளையை ஓரமாக வைத்தாள். "இது கொதிகலன் அறை, அக்கா." ஒரு கரண்டியை நீட்டி வைத்தாள். "இது குழாய். நடைபாதை வழியா வந்து இங்க திரும்பி, சலவைக்கூடத்துக்குள்ள நுழையுது. உங்க மேசை எங்க இருக்கு?"

"ஜன்னலோரம். எதுக்குக் கேக்குற?"

உப்பு டப்பியை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். கரண்டியின் காம்பு சரியாக டப்பிக்கு மேலே வந்தது. "இங்க ஒரு ஜாயிண்ட் வருது. நேரா உங்க தலைக்கு மேல."

நாத்தனார் கரண்டியைப் பார்த்தாள். டப்பியைப் பார்த்தாள். குரல் ஒரு சுதி இறங்கியது. "அத யாரு போடப்போறது?"

"உங்க திட்டம் நடந்திருந்தா, உங்க சின்னத் தம்பி போட்டிருப்பான். உங்க பெரிய தம்பியோட கைக்குக் கிடைச்ச சர்ட்டிபிகேட்டை வச்சுக்கிட்டு."

கொல்லைப் பக்கம் குழாய் ஒழுகும் சத்தம் தெளிவாகக் கேட்டது. நாத்தனார் மெல்ல டப்பியைக் கரண்டிக்கு அடியிலிருந்து நகர்த்தி ஓரமாக வைத்தாள். அப்புறம் பெரிய தம்பியின் பக்கம் திரும்பினாள், பாருங்கள், அதுதான் நாத்தனார். "ஏண்டா, உனக்கு அறிவில்ல? அவன் பரீட்சைய நீ எதுக்குடா எழுதப் போன?"

"நீதானேக்கா போன் பண்ணி..."

"நான் துணிக்காகப் பண்ணேன்!"

மறுநாள் சலவைக்கூடத்தில், குழாயே இன்னும் வராத நிலையில், நாத்தனார் தன் இஸ்திரி மேசையை ஜன்னலோரத்திலிருந்து இழுத்துத் தூண் பக்கம் போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கொழுந்தனுக்கு அவள் ஒன்றுதான் சொன்னாள். "உன் கை நடுங்குறது பைப்பைப் பாத்து இல்ல, பாக்குற ஆளைப் பாத்து. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல, தம்பி."

"என்கிட்ட இருக்கு" என்றாள் நாத்தனார்.

அந்த வாரத்திலிருந்து, வேலை முடிந்து வந்ததும் கிரில் பட்டறையில் பயிற்சி. கணவன் பழைய குழாய்த் துண்டுகளைத் தேடிப்பிடித்து, தொழிற்சாலையில் இருப்பது போலவே ஒரு கம்பம் நட்டுச் சாய்வாகப் பிணைத்தான். செய்த தப்புக்கு அது அவனாகவே எடுத்துக்கொண்ட தண்டனை. எதிரே ஸ்டூலைப் போட்டு, ஒரு முகமூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாத்தனார் உட்கார்ந்தாள். வெல்டிங்கில் அவளுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. அது அவள் வாயைத் தடுக்கவில்லை.

"என்னடா அங்க கொசு கடிச்ச மாதிரி புள்ளி வச்சிருக்க? ஏன் நிறுத்திட்ட? மூச்சு விடுடா, மூச்சைப் புடிச்சுக்கிட்டு எவனாவது வேலை செய்வானா? சட்டைக் காலரை நான் இஸ்திரில ஒரே இழுப்புல இழுக்கல? என் தலைடா அது, என் தலை! ஞாபகம் வச்சுக்கோ!"

முதல் நாள் கொழுந்தன் ராடைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டான். அடுத்த நாள் கை நடுங்கியதோடு வாயும் நடுங்கியது. நாத்தனார் அசரவில்லை. பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டு நிற்க வைத்தாள். ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவர்களும் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். எப்போது என்று தெரியாமல் ஒரு நாள், அக்கா கத்திக்கொண்டிருக்க, கூட்டம் சலசலத்துக்கொண்டிருக்க, அவன் கை பாட்டுக்கு ஆறு மணியிலிருந்து கிளம்பி மேலே போய்க்கொண்டிருந்தது. "அக்கா பேச்சு இப்பெல்லாம் மழைச்சத்தம் மாதிரி ஆயிடுச்சு, அண்ணி. எங்கேயோ பெய்யுது" என்றான். அவள் அந்தப் பட்டறைப் பக்கமே போகவில்லை. போனால் சொல்லிக்கொடுக்கக் கை பரபரக்கும்; சொல்லிக்கொடுத்தால் அவன் தேறியது அவள் தயவால் என்று நாளைக்கு ஒருவன் சொல்லுவான்.

மறுசோதனை அன்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கூடத்துக்கு வெளியே நின்றாள். பக்கத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த நாத்தனார். கணவனுக்குத்தான் கேட்டுக்குள் அனுமதி இல்லையே, அவன் வெளியே டீக்கடையில் நின்று கம்பி வேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே உப்புக்கல்லின் செருமல் கேட்டது. பிறகு ராடு உரசுகிற சத்தம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல இணைப்பு காதுக்கே தெரியும். எண்ணெய்ச் சட்டியில் ஒரே சீராகப் பொரிகிற சத்தம் வரும். கொழுந்தன் முன்பெல்லாம் ஆரம்பத்தில் சடசடவென்று விட்டு விட்டுப் பற்ற வைப்பான். இப்போது உரசியதும் பற்றியது. பற்றியது விடவில்லை. சத்தம் அப்படியே நீண்டு, ஏறி, மறுபக்கம் போனது.

"என்ன ஆச்சு? ஏன் கண்ண மூடிட்ட?" என்றாள் நாத்தனார்.

"ஆறு மணி தாண்டிட்டான், அக்கா."

"மணி இன்னும் பதினொண்ணுகூட ஆகலையே?"

வெல்டிங் முடிந்து, குழாய் ஆறி, பட்டைகள் அறுத்து, இயந்திரம் முனகி ஓய்ந்த பிறகு உப்புக்கல் வெளியே வந்தார். அவர் பின்னால் வியர்வையில் ஊறிய கொழுந்தன். உப்புக்கல் கையிலிருந்த பட்டைகளை அவளிடம் நீட்டினார். எல்லாம் வளைந்திருந்தன. ஒன்றில் மட்டும் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு கீறல்.

"அளந்துட்டேன். அனுமதிக்குள்ளதான் இருக்கு. பையன் தேறிட்டான்" என்றார்.

"இன்னொரு தடவ அளந்துடுங்க, சார்" என்றாள்.

"அடிப்பாவி!" என்று நாத்தனார் அலறினாள்.

உப்புக்கல் அவளை ஒரு பார்வை பார்த்தார். அளவுகோலை எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, மறுபடி அளந்தார். "அதேதான்" என்றார். பிறகு, அவர் சரித்திரத்திலேயே முதல் தடவையாக உதட்டோரம் கொஞ்சம் அசைய, "இந்தாங்க, உங்க வளையல்" என்று அவள் கையில் வைத்தார்.

கொழுந்தன் அவள் காலில் விழப் போனான். அவள் தடுத்து, அவன் வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். கையுறைக்குள் வெந்து சிவந்திருந்த கை. அது நடுங்கவில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள், ஆனாலும் அழுதாள். வேலிக்கு அப்பால் டீக்கடையில் யாரோ இரண்டு கையையும் தூக்கிக் குதிப்பது தெரிந்தது.

வேலை தொடங்கி, குழாய் இழுத்து, மாதங்கள் போய், மருத்துவமனைக் குழாயில் நீராவி விடும் நாளுக்கு முந்தைய மாலை. கணவன் கொல்லைக் கதவருகே நின்று காலால் அந்த முட்டுத் துண்டைத் தட்டிக்கொண்டிருந்தான். "எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சிடுச்சே. இப்பவாவது இத ஒரு தடவ வளைச்சுப் பாக்கக் கூடாதா?"

அவள் அவனைப் பார்த்தாள். தலையை இடப்பக்கம் சாய்த்தாள். ஒரு கணம் நிறுத்தினாள். பொத்தென்று ஆட்டினாள்.

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் ஒழுகுகிற குழாயைப் பிரித்தான்.

மறுநாள் சலவைக்கூடத்தில் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். வால்வைத் திறந்தார்கள். குழாய் லேசாக உறுமியது, சூடேறி ஒரு தடவை சொடுக்கியது, பிறகு அமைதியானது. உப்புக்கல் ஏணியில் ஏறி ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துவிட்டு இறங்கினார். எங்கும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஜன்னலோரத்து இணைப்பில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார் என்று கொழுந்தனுக்குத் தோன்றியது. அது அவன் பயம்.

நாத்தனார் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். இணைப்பின் பக்கத்தில் சிறியதாக ஓர் எண் அடித்திருந்தது.

"இது யாரு நம்பரு?"

"உங்க தம்பியோடது, அக்கா" என்றாள் அவள்.

"எந்தத் தம்பி?"

"சின்னவன்."

"கை?"

"கையும் அவனோடதுதான்."

நாத்தனார் இன்னும் ஒரு தடவை மேலே பார்த்தாள். பிறகு தூண் பக்கம் போய், தன் இஸ்திரி மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்குற? அந்தப் பக்கம் புடிடா" என்று கொழுந்தனைக் கூப்பிட்டாள். இருவருமாக மேசையைத் தரையில் கிறீச்சிட இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம், அந்த இணைப்புக்கு நேர் கீழே போட்டார்கள். நாத்தனார் கூடையிலிருந்து ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்து விரித்து, இஸ்திரி போட ஆரம்பித்தாள்.